கடலைப் பார்த்துத் திரும்பிய முளைகள்

காலி மனையில் ஒருவன் கதவைத் திறந்தான்.

அங்கே கதவே கிடையாது. சுவரும் கிடையாது. நான்கு மூலைக்கும் அடித்த முளைக்குச்சிகளைத் தவிர அங்கே எதுவுமே இல்லை. டெலியா டோபின் தேநீர்க் கோப்பையோடு, தான் தங்கியிருந்த டிரெய்லர் வண்டியின் படியில் அப்படியே நின்றுவிட்டாள். கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி இடுப்பளவுக்கு மனையை நிரப்பியிருந்தது. அதற்குள் நெட்டையாக ஓர் உருவம்... காற்றில் கைப்பிடியைத் திருகியது, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தது, இல்லாத ஜன்னலைத் தள்ளித் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

போன வருஷம் வசந்தத்தில் எரிந்துபோன அவள் வீட்டில், காலஞ்சென்ற அம்மாவின் சமையலறை ஜன்னல் அதே இடத்தில்தான் இருந்தது!

நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் பிறந்தவர்கள் மூடுபனியில் நடக்கும்போது சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்திருப்பார்கள். யாருக்கு என்று கேட்டால் 'அவங்களுக்கு' என்பார்கள். பனியில் ஆளை வழி தவறவைக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாதவர்களின் பெயரை மட்டும் சொல்லவே மாட்டார்கள். டெலியா மீன் ஆலையில் கணக்கு பார்ப்பவள், நாலு எழுத்துப் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கை தானாகக் கோட்டுப் பையைத் தடவியது. ரொட்டி இருந்தது. அப்பாடா!

"யாரது?"

உருவம் துள்ளிக் குதித்தது. "ஐயையோ... இப்படியா பயமுறுத்துவீங்க?"

"நானா பயமுறுத்தினேன்? அடுத்தவங்க மனையில புகுந்து இல்லாத கதவைத் திறந்தது யாரு?"

"அடுத்தவங்களா? இது டாக்டர் ஷேயோட இடம் இல்லையா?"

"அது சர்ச்சுக்கு அந்தப் பக்கம். நீங்க நிக்கறது சர்ச்சுக்கு இந்தப் பக்கம்."

அவன் அசடு வழியச் சிரித்தபடி பனியை விலக்கிக்கொண்டு வந்தான். பெயர் ஆம்ப்ரோஸ் கேரீன், ஆர்க்கிடெக்டாம், செயின்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து வருகிறானாம். கிட்டத்தில் பார்த்தபோதுதான் அந்தக் கண்கள்... மழை கொட்டப்போகும் நேரத்துக் கடலின் நிறம். டெலியா சட்டென்று பார்வையைத் தாழ்த்தினாள்.

"வரையறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள நடந்து பார்ப்பேன். அதான் என் வழக்கம்."

"கட்டாத வீட்டுக்குள்ளயா?"

"கட்டி முடிச்சப்புறம் நடந்து பார்த்து என்ன பிரயோஜனம், சொல்லுங்க? ஆனா ஒண்ணு... இந்த முளையை யாரோ விவரம் தெரியாதவங்க அடிச்சிருக்காங்க. வீடு கடலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கும்."

"விவரம் தெரியாத அந்த வீடு கட்டற கம்பெனியோடதான் நான் சனிக்கிழமை ஒப்பந்தம் போடப்போறேன்."

அவன் காது நுனி சிவந்துபோனது. ஏதோ முணுமுணுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தான், நேராகப் பாறை விளிம்பை நோக்கி!

"ஹலோ, சார்! அங்க போனா நேரா கடல்தான். கோட்டைக் கழட்டி, உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாத்திப் போடுங்க. வழி தன்னால தெரியும்."

"நிஜமாவா?"

"ஆர்க்கிடெக்ட்னா மட்டும் அவங்க விட்டுடுவாங்களா? போடுங்க!"

போட்டான். உள்ளே முழுக்க ரோஜாப்பூப் போட்ட துணி. டெலியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வீடு எரிந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் ஜெரார்ட் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறான். அன்று மாலை போனில் அதே பாட்டுத்தான். "கம்பெனின்னா நிலம் உறையறதுக்குள்ள அஸ்திவாரம், கிறிஸ்துமஸுக்குச் சாவி. ஆர்க்கிடெக்ட்டுன்னு போனா படம் வரையவே ஒரு வருஷம் ஆகும். இன்னொரு குளிர்காலம் உன்னை அந்தத் தகர டப்பாவுல விட்டுட்டு எனக்குத் தூக்கம் வருமா? கையெழுத்தைப் போடும்மா."

பாசம்தான், அவளுக்குத் தெரியாதா? ஆனால் கம்பெனியின் வீட்டில் கடல் பக்கம் கார் நிறுத்தும் அறைதான் வருகிறது. அம்மா நின்ற இடத்தில் ஒரு வெற்றுச் சுவர். ஒரு தரம் அதைக் கட்டிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அதோடுதான் வாழ வேண்டும்.

மறுநாள் காலை கம்பெனி மேஸ்திரி வின்ஸ் வந்தான். உள்ளூர்க்காரன், மலை மாதிரி ஆள். மனையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

முளைகள் நகர்ந்திருந்தன. நான்குமே... கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

அந்தக் கரையில் வீடு கட்டுவதற்கு முன் மூலைக்கு ஒரு முளை அடித்து, தலையில் ஒரு துண்டு ரொட்டி வைத்து, ஒரு ராத்திரி விட்டுவிடுவார்கள். அசையாமல் இருந்தால் கட்டலாம். நகர்ந்திருந்தால் அது 'அவங்க' நடமாடும் வழி.

"டெலியா, கம்பெனியில சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். முளை ஒரு ராத்திரி நகராம நிக்கற வரைக்கும் நான் மெஷினை இறக்கமாட்டேன்மா." வின்ஸ் பழைய இடத்திலேயே முளைகளை அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

மத்தியானம் ஆம்ப்ரோஸ் வந்து நின்றான். அளவு நாடாவை மறந்துவிட்டானாம். நாடா அவன் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துவிட்டதை அவனும் பார்த்துவிட்டான்.

"வாங்க, உங்க வீட்டைச் சுத்திக் காட்டறேன்" என்றான். "இங்க பூட்ஸைக் கழட்டுவீங்க. இங்க ஈரக் கோட்டை மாட்டுவீங்க. இந்த ஜன்னல்கிட்ட நின்னா, முனை திரும்பற படகு தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கவா? நேத்து நான் இங்க நின்னப்போ ரொட்டி சுடற வாசனை வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வழி தவறி உள்ளே வந்தேன். நீங்களா சுட்டீங்க?"

"டிரெய்லர்ல டீ கெட்டில் ஒண்ணுதான், அடுப்பே இல்லையே..."

அவள் ஓரடி பின்வாங்கினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை சூடாக இருந்தது. பயமா, வேறு ஏதாவதா? மனசு படபடவென்று அடித்துக்கொண்டது.

அவன் போனதும், இருட்டுவதற்கு முன், டெலியா ஒரு காரியம் செய்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். முளைகளைப் பிடுங்கி, தானே கடல் பக்கம் திருப்பி அடித்தாள். இன்னும் ஒரு நாள் கிடைத்தால், அவன் இன்னும் ஒரு தரம் வருவானே... வெட்கங்கெட்ட மனசு!

மறுநாள் வின்ஸ் பதறிப்போய் ஜெரார்டுக்குச் சொல்ல, ஜெரார்ட் போனில் குதித்தான். ஆம்ப்ரோஸ் அப்போது பக்கத்திலேயே இருந்தான்.

"பேயாவது பிசாசாவது! அந்த ஆர்க்கிடெக்ட் பயதான் வேலையைப் பிடிக்க முளையை நகர்த்தறான். உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

அண்ணா, நேற்று செய்தது நான்தான்... சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. அதற்குப் பதில் ஆம்ப்ரோஸைப் பார்த்து, "முதல் நாள்... நீங்களா?" என்று கேட்டாள்.

அவன் முளைகளின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அது அவளைச் சுருக்கென்று குத்தியது.

"வேலைக்காகவா?"

அவன் முகம் இறுகியது. "உங்க வேலை எனக்கு வேண்டாங்க. கம்பெனிக்கே கையெழுத்துப் போடுங்க." போய்விட்டான். ரோஜாப்பூக் கோட்டைச் சரியான பக்கம் போட்டபடி, சரியான வழியில்.

அன்று முழுக்க டெலியாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் பழியை அவன் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டாளே! மாலையில் வின்ஸ் கடைசித் தடவையாக முளைகளை அடித்தான். அவள் ரொட்டியைப் பிய்த்து நான்கின் தலையிலும் வைத்தாள்.

"நான் தொடமாட்டேன்" என்றாள் மூடுபனியிடம். "உங்க இஷ்டம்."

சனிக்கிழமை விடியலில் டிரெய்லர் கதவைத் திறந்தால் உலகமே இல்லை. வெள்ளை... வெறும் வெள்ளை. தடவித் தடவி முதல் மூலைக்குப் போனாள். முளை இல்லை. ரொட்டியும் இல்லை. கடல் பக்கம் நடந்தாள். அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் நின்றுகொண்டிருந்தான்.

"திட்டிடாத. உண்மையைச் சொல்லிட்டுப் போயிடறேன்" என்று படபடத்தான். "முதல் நாள் நகர்த்தினது நான்தான். வேலைக்கு இல்ல. என் கோட்டைப் பார்த்து நீ சிரிச்ச பாரு... அப்படிச் சிரிக்கறவ ஒரு வெற்றுச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு வாழறதான்னு பொறுக்கல. வண்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டாவது நாள் நகர்த்தினது நான். நீ வரணுமேன்னு... உன்னைக் காட்டிக்குடுத்துட்டு நின்னேன். மன்னிச்சிடு."

"நீயா? எனக்காகவா?" அவன் சிரித்தான். உடனே சிரிப்பு நின்றது. "அப்ப ராத்திரி நகர்த்தினதும் நீதானே?"

"நான் தொடல. நீதானே?"

"நான் இப்பதான் வந்தேன். என் வண்டி இன்னும் சூடு ஆறல..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூடுபனிக்குள்ளிருந்து, மெல்ல, ரொட்டி சுடும் வாசனை வந்தது.

பின்னால் செருமல் சத்தம். கையில் ஒப்பந்தக் காகிதத்தோடு வின்ஸ் நின்றிருந்தான். முளைகளைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், மூக்கை உறிஞ்சினான். அவனுக்கும் வாசனை வந்திருக்க வேண்டும்.

"உங்கம்மா ரொட்டி எனக்குத் தெரியாதா?" என்றான். "முளை காட்டற பக்கமே இவர் படம் போடட்டும். பனி உருகினதும் அஸ்திவாரம் நான் போடறேன், கம்பெனிக்காக இல்ல. ஜெரார்டுகிட்ட நீயே பேசிக்கோ தாயே!" ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"இன்னொரு குளிர்காலம் டிரெய்லர்லதான்" என்றாள் டெலியா.

"அடுப்பு ஒண்ணு கொண்டுவந்து வெக்கறேன். நானும்... தினம் வந்து விறகு போடறேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு டெலியா. இல்லாத கதவைத் திறந்தப்போ 'யாரது'ன்னு அதட்டின பாரு, அப்பவே."

"எனக்கு, நீ அந்தக் கோட்டைத் திருப்பிப் போட்டப்போ."

அவன் காற்றில் கைப்பிடியைத் திருகினான். அவள் இல்லாத பாயில் காலைத் துடைத்துக்கொண்டாள். கைகோத்து உள்ளே போனார்கள்.

அவர்களுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.