வயரின் மறுமுனை

“வந்துட்டாங்கப்பா, லீவு கேஸு...”

மெதுவாகத்தான் சொன்னான் ரஞ்சித். ஆனால் அதுவரை கொட்டிய மழை அந்த நொடியில் ஓய்ந்திருந்தது... எதிரே கம்பெனிச் சீருடையில் நின்ற பாண்டிச்செல்வியின் காதில் தெளிவாக விழுந்தது.

அவள் நிமிர்ந்தாள். பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாயின.

“ஏங்க, வலி எனக்கா உங்களுக்கா?”

“கோச்சுக்காதீங்க... ஒரகடம் கம்பெனிங்கள்லேர்ந்து வர்றவங்கள்ல பாதிப் பேரு லீவுக்குத்தான்...”

“நா மீதிப் பேருல ஒருத்தி. பேரை எழுதுங்க.”

எழுதினான். ஸ்ரீபெரும்புதூரில் அந்த ஸ்கேன் சென்டரில் பெயர் எழுதுவது, ஆள் கூப்பிடுவது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் அவன்தான். அவள் கோவில்பட்டிப் பெண். மண்ணூரில் ஹாஸ்டல். ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. வலது மணிக்கட்டு வேலை செய்யும்போது மட்டும் வலித்தது. அதனாலேயே சூப்பர்வைசர் நம்பவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் ஊருக்குப் பெட்டி கட்டு என்று சொல்லிவிட்டார். அவன் எழுதும்போதே இதையெல்லாம் அவள் படபடவென்று கொட்டிவிட்டாள்.

உள்ளே டாக்டர் உமாதேவி அவள் மணிக்கட்டில் ஜெல் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறக் கோடுகள்... ஆற்று மணல் போல. சுண்டுவிரல் பக்கம் எலும்பில் ஒரு சின்னப் பள்ளம். அதில் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அமைதியாகப் படுத்திருந்தது.

“எல்லாம் நார்மலாத்தான் இருக்கு.”

அவள் முகம் வெளுத்தது. “மேடம்... நா பொய் சொல்லலை.”

“பொய்னு யாரு சொன்னா? கை சும்மா இருக்கு, அதான் தெரியல. கம்பெனி லைன்ல என்ன பண்ணுவியோ அதைப் பண்ணு. நான் பாக்குறேன்.”

“தனியாச் செய்ய முடியாது மேடம். எதுத்தாப்ல ஒரு ஆளு வயர இழுத்துப் பிடிக்கணும். நா முறுக்குவேன்.”

டாக்டர் கதவைப் பார்த்தார். “ரஞ்சித்! அந்தப் பழைய பிரிண்டர் வயரை எடுத்துக்கினு வா.”

வயரின் ஒரு முனை அவள் கையில். மறுமுனை அவன் கையில். அவள் முறுக்கினாள். அவன் பட்டும் படாமலும் பிடித்திருந்தான்.

திரையில் ஒன்றும் இல்லை.

“இன்னாப்பா, பூக்கூடை தூக்குற மாதிரி புடிக்கிற? இழு!”

“வலிக்கும் மேடம்...”

“வலிக்கணும்ங்க!” என்றாள் பாண்டிச்செல்வி. குரல் உடைந்தது. “இழுங்க. இல்லன்னா என்னை லீவு கேஸுன்னு நீங்களே டைப் அடிச்சிருவீங்க.”

அவன் இழுத்தான். அவள் முறுக்கினாள்.

திரையில் தசைநாண் பள்ளத்தை விட்டு விருட்டென வெளியே வழுக்கியது... கையைத் திருப்பியதும் திரும்ப உள்ளே போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் திரண்டது.

“பிடிச்சிட்டேன்,” என்று டாக்டர் படத்தை நிறுத்தினார். “முறுக்கும்போது நாண் பள்ளத்தை விட்டு நழுவுது, அதான் வலி.” பிறகு திரும்பினார். “ரிப்போர்ட் அடி ரஞ்சித். மணிக்கட்டுக்குப் பட்டை போடணும், கொஞ்ச நாளைக்கு முறுக்குற வேலை கூடாது.”

அவன் அடித்தான். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தான்.

பஸ் நிறுத்தத்தில் மறுபடி மழை. பட்டை போட்ட கையை மார்போடு அணைத்தபடி அவள் நின்றிருந்தாள். ரஞ்சித் நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

“மன்னிச்சிருங்க... கேஸுன்னு சொன்னதுக்கு.”

“சரி.”

“இன்னொண்ணும் கீது.”

“சொல்லுங்க.”

“இழுக்கும்போது... உங்களுக்கு வலிக்கணும்னு வேண்டிக்கினேன். ஸ்கேன்ல தெரியலன்னா வேலை போய்டும், ஊருக்குப் போய்டுவீங்கன்னு... தெரிஞ்சப்போ உங்க கண்ணப் பாத்தேன். ஏன்டா இழுத்தோம்னு ஆய்டுச்சு. பாத்து ஒரு மணி நேரம்கூட ஆவல, சிரிக்காதீங்க... எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவள் ஏறவில்லை. அது போய்விட்டது.

“லைன்ல தினமும் யாராச்சும் வயரோட அந்தப் பக்கம் பிடிப்பாங்க,” என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டே. “வலிக்கும்னு யாரும் சொன்னதில்ல. நீங்க பிடிச்சப்போ... வலிச்சிச்சு. ஆனா பயமா இல்ல.”

பிறகு அவளே கேட்டாள்.

“அடுத்த ஆட்டோ எப்ப வரும்?”

“தெரிலீங்க...”

“மெதுவா வரட்டும்.”