செவ்வந்தி பார்த்த பறவைகள்

ஜெயப்பிரியாவுக்குக் கணினி என்றால் உயிர். உத்திரமேரூர் ஏரியை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் அவள், பள்ளிக் கணினியில் தானே ஒரு தரவுத்தளம் அமைத்திருந்தாள்.

அதில் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் மாணவர்களின் பெயர்களும் ஆளுக்கோர் எண்ணும். மற்றொன்றில் அவர்கள் ஏரியில் பார்த்த பறவைகள். எந்தப் பறவை, என்றைக்கு, என்ன செய்தது என்று இருக்கும். பார்த்தவரின் பெயர் அங்கே இருக்காது, எண் மட்டும்தான். ஒரே பெயரை எதற்குத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும், எண்ணை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டால் போதாதா என்பது அவள் கட்சி. நல்ல கட்சிதான்.

அதோடு நின்றிருக்கலாம். ஒரு மாணவரின் பெயரை அழித்தால் அவருடைய குறிப்புகளும் தானாக அழிய வேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்து வைத்தாள். எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

அந்த அட்டவணையில் அதிகமாக எழுதியவள் அவளுடைய வகுப்புத் தோழி செவ்வந்தி. தினமும் ஏரிக்கரை வழியாகத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். வந்ததும் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவாள். 'நத்தைக்குத்தி நாரை ஓட்டை உடைக்காமலே நத்தையை இழுத்துத் தின்றது.' இப்படி எழுத அங்கே வேறு யாருக்கும் வராது.

பொங்கல் முடிந்ததும் செவ்வந்தியின் அப்பா அம்மா திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போய்விடுவார்கள். அவளும் கூடவே போவாள். பள்ளி திறக்கும்போது திரும்பி வருவாள். வருடா வருடம் நடப்பதுதான்.

அந்த வருடமும் போனாள். அவள் போன பிறகு, இப்போது பள்ளிக்கு வருகிறவர்களின் பட்டியல் வேண்டும் என்று சுலோச்சனா டீச்சர் கேட்டார். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று குறிக்க ஜெயப்பிரியாவின் அட்டவணையில் இடமே இல்லை. அதனால் வராதவர்களை அழித்துவிட்டு, மிச்சத்தைப் பட்டியலாக எடுத்துக் கொடுத்தாள்.

அழிப்பதற்கு முன்னால், செவ்வந்தியின் எண்ணோடு எத்தனை குறிப்புகள் சேர்ந்து போகும் என்று கணினியிடமே கேட்டிருக்கலாம். ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே கதிதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் செவ்வந்தி நேராகக் கணினி அறைக்கு வந்தாள். போன மழைக்காலத்தில் தான் எழுதியதையெல்லாம் படிக்க வேண்டும் என்றாள். ஜெயப்பிரியா அவளுடைய எண்ணைத் தேடினாள். ஒரு வரிகூட வரவில்லை. பெயரைத் தேடினாள். பெயரும் இல்லை. அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்குப் புரிந்தது.

"மெஷினு ரிப்பேரா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"இல்லடி. நான்தான் அழிச்சிட்டேன். நீ போயிட்டேன்னு..."

"சூளைக்குத்தானே போனேன்? திரும்பி வருவேன்னு உனுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். அதுதான் ஜெயப்பிரியாவைச் சுட்டது.

தன்னுடைய குறிப்புகளில் பாதியை அவள் எண்ணுக்கு மாற்றித் தருவதாகச் சொன்னாள்.

"அது நீ பாத்தது. என்னுது எப்பிடி ஆவும்?" என்றாள் செவ்வந்தி. நினைவிலிருந்து சொல்லவும் அவள் ஒப்பவில்லை. என்றைக்குப் பார்த்தது என்று தெரியாமல் எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் ஏரிக்கரை வழியாகத்தான் வந்தாள். ஆனால் கணினிப் பக்கம் வரவே இல்லை.

அழிந்ததைக் கொண்டுவர ஜெயப்பிரியாவுக்கு வழி தெரியவில்லை. இனி அழியாமல் இருக்க மட்டும்தான் அவளால் செய்ய முடிந்தது. அந்தப் பொல்லாத விதியை எடுத்தெறிந்தாள். குறிப்பு எழுதிய யாரையும் அழிக்கவே முடியாதபடி புது விதி போட்டாள். செவ்வந்தியின் பெயரைப் பழைய எண்ணிலேயே மறுபடி சேர்த்தாள். மாணவர் அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'இப்போது எங்கே' என்று ஒரு பத்தியைச் சேர்த்தாள். பட்டியல் வேண்டும் என்றால், அந்தப் பத்தியில் 'பள்ளியில்' என்று இருப்பவர்களை மட்டும் காட்டச் சொன்னால் போதும். இவ்வளவு சின்ன வேலையை முதலிலேயே செய்யவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுபடியும் பொங்கல் வந்தது. செவ்வந்தி சூளைக்குப் போனாள். ஜெயப்பிரியா அந்தப் பத்தியில் 'சூளையில்' என்று மாற்றினாள். வேறு எதையும் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரியா வீட்டில் அம்மாவின் போன் அடித்தது. எடுத்தால், செவ்வந்தி.

"ஜெயா, இங்க மண்ணு எடுத்த பள்ளத்துல தண்ணி நிக்குது. சாம்பல் நாரை ஒண்ணு காலைலேர்ந்து நின்னுக்கினு கீது."

ஜெயப்பிரியா பேனாவைத் தேடி எடுத்தாள். பறவை அட்டவணையில் இடம் என்று ஒரு பத்தி இல்லை. எல்லாப் பறவையும் நம் ஏரியில்தான் என்று நினைத்திருந்தாள். அதையும் சேர்க்க வேண்டும்.

செவ்வந்தி மெதுவாகக் கேட்டாள்.

"எம் பேரு அதுல கீதுல்ல?"

"கீதுடி. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."