இருபத்து நான்கு டிகிரி

மனைவி படுத்திருந்த அறையின் ஸ்ப்ளிட் ஏசியின் மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து வாரம் ஆகிறது. அணைத்தவர் அவரேதான். இருந்தும் அன்று சாயங்காலம், மகள் வீட்டோடு போய்விடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தவர், அந்த அறையின் கதவிடுக்கில் பச்சை வெளிச்சம் கசிவதைப் பார்த்து நின்றார். திறந்தார். சுவரின் உயரத்தில், வெள்ளைப் பெட்டியின் முகத்தில் E4 என்று எரிந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷமாக ஏசி மெக்கானிக். E4 என்றால் அறையின் சூட்டை அளக்கும் சென்சார் போய்விட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கெட்டுப்போக இந்தப் பெட்டியில் சென்சாரே கிடையாது. அதை வெட்டி எறிந்தவரும் அவர்தான்.

அந்த மலையூரின் குளிர்காலத்தில் அந்த ஏசிதான் அறைக்குச் சூடு கொடுக்கும். மனைவி வாதம் வந்து படுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. பேச்சு போய்விட்டதால், ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் ஸ்பூனால் மூன்று தட்டு தட்டுவாள். ஐந்து வாரத்துக்கு முன் அந்தக் காலையிலும் தட்டினாள். E4. பையில் புது சென்சார் இல்லை. ஒரு ஹோட்டல்காரர் வேறு நாலு தடவை போன் பண்ணிவிட்டார். தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. சென்சாரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மிளகு அளவு ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால், அறை எப்போதும் இருபத்து நான்கு டிகிரியில் இருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். E4 கோட் மறைந்துவிடும்.

“நாளைக்கு மாத்திடலாம்” என்று அவள் நெற்றியைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போனார். ஊரார் ஏசிக்கு உடனே ஓடுகிற மனுஷன், வீட்டு வேலைக்கு வாழ்நாள் முழுக்கச் சொன்ன பதில் அது. போன இடத்தில் புயல் பிடித்துக்கொண்டது, பாலத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வந்து திறந்தபோது அறை ஐஸ்பெட்டியாக இருந்தது, அவள் உடம்பும். மெஷின் மட்டும் 24 காட்டிக்கொண்டு, சூடு போதும் என்று சும்மா இருந்தது. கட்டில் கம்பியில் ஓரிடத்தில் பெயிண்ட் முழுக்க உதிர்ந்திருந்தது.

அந்த ரெசிஸ்டரைப் பற்றி அவர் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

போன் அடித்தது.

“கிளம்பிட்டீங்களாப்பா?”

“ஒரு சின்ன வேலைம்மா. முடிச்சிட்டு வரேன்.”

“அந்த ரூமுக்குள்ள மட்டும் போகாதீங்கப்பா.”

அவர் போனைக் கட்டில்மேல் வைத்தார். மெயின் சுவிட்ச் அணைத்தபடியேதான் இருந்தது. ஓடிவிடலாம். ஆனால் பாலம் திறந்த அன்று வழியில் வாங்கிய புது சென்சார் ஐந்து வாரமாகச் சட்டைப்பையிலேயே கிடக்கிறதே, அதை என்ன செய்வது? ஸ்டூலைப் போட்டு ஏறினார். மூடியைக் கழற்றியதும் தூசி வாடையோடு அவளுக்குத் தேய்த்துவிடும் தைலத்தின் வாடையும் முகத்தில் அடித்தது. கண் கலங்கியது. ரெசிஸ்டரை வெட்டினார். புது சென்சாரைப் பற்றவைத்தார்.

E4 அணைந்தது. அந்த இடத்தில் அறையின் சூட்டளவு வந்தது.

4.

அவருடைய பாக்கெட் தெர்மாமீட்டர் இருபத்தொன்று காட்டியது.

சென்சார் சரியா என்று பார்க்க மெக்கானிக்குகள் அதன் முனையை இரண்டு விரலால் பிடிப்பார்கள். உடம்புச் சூட்டுக்கு எண் மளமளவென்று ஏற வேண்டும். அவரும் பிடித்தார். 5. கொஞ்ச நேரம் கழித்து 6. ஏறியது எண் மட்டும்தான்; கை குளிர்ந்துகொண்டே வந்தது. விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கை.

விடப் பார்த்தார். முடியவில்லை.

அவர் விரல்களுக்குமேல் வேறு விரல்கள் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் சொரசொரவென்று உரசியது. முப்பது வருஷம் தையல் ஊசி குத்திக் காய்த்த நுனி. அவருக்குத் தெரியாதா அந்த விரலை?

“என்னை மன்னிச்சிடு” என்றார். ஐந்து வாரமாகச் சொல்லத் துடித்த வார்த்தை.

பிடி தளரவில்லை.

12. 17. கால் மரத்தது. மூச்சு புகையாக வந்தது. கட்டில்மேல் போன் அடித்தது, மகள்தான். அடித்து ஓய்ந்தது. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. குரலே வரவில்லை.

22.

இடது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதன் பிடியால் சுவரில் தட்டினார். மூன்று தட்டு. காத்திருந்தார். மறுபடி மூன்று. வெளியே தெருவில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

24.

அதற்குமேல் எண் ஏறவில்லை. கீழே கட்டில்மேல் மடித்து வைத்திருந்த போர்வை, மெதுவாக, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு விலகிக்கொடுத்தது. இரண்டு வருஷமாகக் கேட்காத குரல் அவர் காதுக்குப் பக்கத்தில், கோபமே இல்லாமல், சொன்னது.

“நாளைக்கு மாத்திடலாங்க.”