ஏழு புள்ளி மூன்று

"உங்க டேப்ல பேசுறவர் அழகாத்தாங்க பேசுறாரு. ஆனா அவர் பாருன்னு சொல்ற இடத்துல பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே!"

அந்த வாரத்தில் இப்படிச் சொன்ன மூன்றாவது ஆள் இவர். பெயர் கோவாக். ஒஹாயோவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிந்ததும் பள்ளத்தாக்குக்குள் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பியிருந்தார். நுழைவாயில் அறையின் ஜன்னலுக்குள் நின்ற ஆர்வில்லா, அவர் திருப்பி நீட்டிய வழிகாட்டி ஒலிநாடாவை வாங்கிக்கொண்டாள்.

"எந்த இடத்துலங்க சரியா வரல?"

"ஆரம்பத்துல சரியாத்தான் இருந்துச்சு. போகப் போகத்தான் மோசம். 'வலதுபக்கம் கல் வளைவு'ங்கறாரு, பார்த்தா வெறும் மண்சுவரு. அரை மைல் தாண்டினப்புறம்தான் வளைவே வருது. என் வீட்டுக்காரி சொல்றா, 'இந்த மனுஷன் அவசரக்காரர், நமக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாரு'ன்னு!"

அவர் சிரித்தார். ஆர்வில்லா சிரிக்கவில்லை.

"பஸ் ஓட்டினவன் பாருங்க, சும்மா வர முடியல. ஒவ்வொரு இடத்துலயும் என் வண்டியோட மைல் மீட்டர் என்ன காட்டுச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன். வெச்சுக்கோங்க." மடித்த காகிதம் ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

நுழைவாயில் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அது எப்போதும் திறந்தேதான் இருக்கும். உள்ளே, கோதுமைக் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

"மறுபடியும் நம்பர் தப்பா? எழுதினது யாரு? இந்த வீட்டு மகாராணிதானே!"

மாமியார் தெல்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. காது மட்டும் இன்னும் கூர்மை. அதற்குக் காரணமும் இருந்தது. தினமும் காலையில் அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கிளம்பும் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் வரும் அந்தக் குரலைக் கேட்பாள். இறந்துபோன இளைய மகன் லைமனின் குரல்.

*"வாருங்கள். மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். ஜன்னலை இறக்கிவிடுங்கள். இனி நீங்களும் நானும் மட்டும்தான்."*

பதினோரு வருடங்களாக, கோடையில் ஒரு நாளைக்கு நாற்பது முறை, அவன் அந்த வாசலில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, கஞ்சி ஆறிடும்..." என்றாள் ஆர்வில்லா.

"ஆறட்டும்! புகாரைப் பத்தி வந்த லெட்டரைப் படிச்சேல்ல? திங்கட்கிழமை ஆபீஸ்ல இருந்து ஆள் வர்றான். புது டேப்பு, புதுக் குரலு! என் பிள்ளை பேசினதை எல்லாம் பொறுக்கிக் குப்பையில போடப் போறான்..." "ஒரு தடவை அவனைக் கொன்னது போதாதா இவளுக்கு? குரலையும் கொல்லணுமா?"

இவள்! லைமன் போன நாளிலிருந்து தெல்மா தன் மருமகளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

மேசையின் மறுபக்கம் வெர்ல் ரொட்டியில் பீச் பழக்கூழைத் தடவிக்கொண்டிருந்தான். ஆர்வில்லா கணவனைப் பார்த்தாள். அவன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எப்போதும் அப்படித்தான் போவான்.

பள்ளத்தாக்குச் சாலை பதினான்கு மைல் மண்பாதை. கூட வர வழிகாட்டி கிடையாது. வாசலில் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிக்கொண்டு, ஒலிநாடா சொல்லும் மைலில் நின்று பார்த்துவிட்டு மேலே போக வேண்டும். மொத்தம் பதினோரு நிறுத்தங்கள். அந்த மைல்களை அளந்தது வெர்லும் ஆர்வில்லாவும். வெர்ல் தன் லாரியை ஓட்டியபடி மீட்டரைப் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அவள் நோட்டில் எழுதினாள். சீடார் நகர வானொலியில் வேலை பார்த்த லைமன், அந்த நோட்டை வைத்துக்கொண்டு நகரத்திலேயே பேசிப் பதிவு செய்தான். அவனுக்குக் குரல்தான் வாய்த்தது, பாதை தெரியாது.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம் விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்கு வானம் செம்மண் நிறத்தில் பெருமழையாக இடிந்து விழுந்தது. பள்ளத்தாக்குக்குள் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருந்தது. வெர்ல் ஊரில் இல்லை. லைமன் தன் சின்னக் காரில் ஒரு வயர்லெஸ் கருவியோடு அவர்களைத் தேடிப் போனான்.

சமையலறைச் சுவரில் இருந்த கருவியில் அவன் குரல் இரைச்சலோடு வந்தது. "அண்ணி, ஒண்ணும் தெரியல. முன்னாடி வெறும் தண்ணி. இந்த மேட்டுக்கு ஏற வழி எங்க வரும்?"

ஆர்வில்லா நோட்டைப் பிரித்தாள். ஏழாவது நிறுத்தம். "ஏழு புள்ளி மூணு, லைமன்! இடதுபக்கம் ஏறிடு!"

"ஏழு புள்ளி மூணு. சரி அண்ணி."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான்.

ஏழு புள்ளி மூன்றில் இடதுபக்கம் ஒரு திறப்பு இருந்தது. ஆனால் அது மேட்டுக்கு ஏறும் வழியல்ல, காட்டாறு இறங்கும் பிளவு. மேட்டு வழி இருந்தது ஏழு புள்ளி எட்டில். தேடப்பட்ட குடும்பம் அங்கே பத்திரமாக நின்றிருந்தது. லைமனின் கார் மறுநாள் இரண்டு மைல் கீழே கிடைத்தது.

அதிகாரிகள் அந்த ஒரு இடத்தை மட்டும் அளந்தார்கள். ஏழு புள்ளி எட்டு. நோட்டில் மூன்று.

"எட்டை மூணுன்னு எழுதிட்டியா பாவி..." என்று தெல்மா மார்பில் அறைந்துகொண்டு அலறியபோது, ஆர்வில்லா கணவனைப் பார்த்தாள். 'நீ மூணுன்னுதானே சொன்ன?' என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அந்தத் தாய்க்கு மிச்சமிருக்கும் ஒரே பிள்ளையும் குற்றவாளி ஆகிவிடுவான். அவள் சொன்னாள்: "நான்தாம்மா... தப்பா எழுதியிருப்பேன்."

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் பதினோரு வருடமாக அந்த வீடு நின்றுகொண்டிருந்தது. அவள் துணி துவைத்தாலும் ரொட்டி சுட்டாலும், வாசலில் யாராவது பொத்தானை அழுத்துவார்கள். லைமன் வருவான். *இனி நீங்களும் நானும் மட்டும்தான்.*

விபத்துக்குப் பிறகு நிறுத்தங்களில் எண் போட்ட மரத்தூண்கள் நட்டார்கள். மக்கள் தூணைப் பார்த்து நின்றார்கள். மைலை யாரும் கவனிக்கவில்லை. இந்த வசந்தத்தில்தான் உளுத்த தூண்களைப் பிடுங்கி எறிந்தார்கள். ஏழாவது நிறுத்தத்தில் மேட்டு வழியைக் காட்டும் இரும்புப் பலகை மட்டும் மிச்சம். அப்போதிருந்துதான் புகார்கள்.

தெல்மா அழுது ஓய்ந்து கண் அயர்ந்த பிறகு, ஆர்வில்லா கோவாக்கின் காகிதத்தைப் பிரித்தாள். இடதுபக்கம் லைமன் சொன்ன மைல். வலதுபக்கம் அவர் வண்டி காட்டியது.

முதல் நிறுத்தம்: 1.4 — 1.5. அடுத்தது 2.9 — 3.1. பிறகு 4.4 — 4.7. ஏழாவது, 7.3 — 7.8. ஒன்பதாவது, 10.3 — 11. கடைசி, 13.1 — 14.

அவள் மறுபடி படித்தாள். எல்லாமே தப்பு! ஒன்றுகூடச் சரியில்லை. அதுவும் ஏனோதானோ என்ற தப்பு அல்ல. பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது... ஒழுங்காக வளர்ந்துகொண்டே போகும் தப்பு.

கை தவறி எழுதினால் ஒரு எண் கெடும். பதினோரு எண்ணும் வரிசையாக வளர்ந்து கெடுமா?

இப்படி ஒரு தப்பை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், தையல் கூடையில். பழைய தையல் நாடா இழுபட்டு நீண்டுபோனால், அது ஒவ்வொரு அங்குலத்திலும் கொஞ்சம் அதிகத் துணியை விழுங்கும். கைக்குட்டை தைத்தால் தெரியாது. திரைச்சீலை தைத்தால் தரையில் புரளும். நீளம் கூடக் கூட, தப்பும் கூடும்.

அப்படியானால் பள்ளத்தாக்கை அளந்த நாடா நீண்டிருக்க வேண்டும். லாரிக்கு எது நாடா?

ஆர்வில்லா எழுந்து நின்றாள். லாரிக்கு மைல் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்ததை வைத்து மைலைக் காட்டும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது. குறைத்தே சொல்லும்.

அவள் புதுத் தையல் நாடாவை எடுத்து, துணி காயப்போடும் கயிற்றில் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள்.

பருத்திமரத்தடியில் அந்த லாரி நின்றது. லைமன் இறந்த பிறகு வெர்ல் அதை ஓட்டவுமில்லை, விற்கவுமில்லை. டயர்கள் வெடித்துச் சாம்பல் பூத்திருந்தன. பின்சக்கரத்தைச் சுற்றி முழுதாகக் கயிற்றைப் போட முடியாமல், அச்சுக்கு மேலே பாதியைச் சுற்றி, அதே நீளத்தைக் கயிற்றில் இன்னொரு முறை அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். பிறகு மண்ணில் படுத்து லாரிக்கு அடியில் தலையை நுழைத்தாள். அங்கே ஒருநாளும் கழற்றப்படாத மாற்றுச் சக்கரம் சங்கிலியில் தொங்கியது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அதே சக்கரம்.

"ஆர்வி? அடியில என்ன பண்ற? பாம்பு இருக்கும், வெளிய வா!" வெர்லின் பூட்ஸ் அருகில் வந்து நின்றது.

"இதை இறக்கு, வெர்ல்."

"எதுக்கு?"

"பதினோரு வருஷத்துல நான் உன்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா? இறக்கு!"

அவன் இறக்கினான். அவள் அதே கயிற்றை அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் போட்டாள். கயிறு ஒரு முழுச் சுற்று வந்து, முடிச்சு இன்னும் ஆறு அங்குலம் மிச்சமாக நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கயிற்றைத் தையல் நாடாவால் அளந்தாள்.

"பாரு... ஓடுற சக்கரம் ஒரு சுத்துக்குத் தொண்ணூத்தேழு அங்குலம். இது தொண்ணூத்தொண்ணு. ஒவ்வொரு சுத்துலயும் ஆறு அங்குலத்தை உன் மீட்டர் விட்டுடுச்சு. ஏழே முக்கால் மைலுக்கு மேல ஓடியிருக்கோம். அது ஏழு புள்ளி மூணுன்னுதான் காட்டுச்சு. நீ பார்த்ததும் சரி. நான் எழுதினதும் சரி."

வெர்ல் தொப்பியைக் கழற்றினான்.

"நீ தப்பா எழுதிட்டேன்னு நினைச்சேன் ஆர்வி..."

"நீ தப்பாப் படிச்சிட்டேன்னு நான் நினைச்சேன்."

"அப்புறம் ஏன்... ஏன் நீயே தலைமேல போட்டுக்கிட்ட?"

"உங்கம்மாவுக்கு வெறுக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். பிள்ளையை வெறுத்தா அவங்க செத்துருவாங்க. மருமகளை வெறுத்தா உயிரோட இருப்பாங்க."

வெர்ல் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். "நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்... அந்த மேசையில ஒரு வார்த்தை..."

"ஆமா. பேசியிருக்கணும்," என்றாள் அவள். அவன் தோளில் கை வைத்தாள்.

அவன் தலையைத் தூக்கினான். "ஆர்வி... இந்த டயரு. மணல்ல மாட்டக்கூடாதுன்னு பெருசா... இது அளக்கறதுக்கு முன்னாடியே லைமன் கொண்டு வந்தது. டயர் கடைக்கு விளம்பரம் பேசினதுக்கு அவங்க குடுத்தது."

பருத்தி இலைகள் சலசலத்தன. வாசலில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள். *வாருங்கள்...* என்றது குரல்.

"அம்மாகிட்ட அதைச் சொல்ல வேண்டாம்," என்றாள் ஆர்வில்லா.

"மறுபடியும் மூடி மறைக்கிறதா? முடியாது!" வெர்ல் கயிற்றை எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான். மனைவிக்கு முந்திக்கொண்டு, அவளுக்காகப் பேச அவன் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தது அன்றுதான்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கஞ்சிக் கிண்ணத்தையும் பழக்கூழ் புட்டியையும் ஒதுக்கி, மேசையில் கயிற்றை நீட்டி, ஆறு அங்குலத்தை விரலால் தொட்டுக் காட்டினான். டயர் யார் கொண்டுவந்தது என்ற இடத்துக்கு வந்ததும் அவன் குரல் நின்றுபோனது.

தெல்மா கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"லைமன்தான் கொண்டு வந்தான். எனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "நான்தானே கேட்டேன். 'உங்கண்ணன் மணல்ல மாட்டிக்கிட்டு அவஸ்தைப்படறான், நல்ல டயரா வாங்கிக் குடுடா'ன்னு... போன்ல நச்சரிச்சு நச்சரிச்சு நான்தான் கேட்டேன்."

சுவரில் பழைய வயர்லெஸ் கருவி தொங்கியது.

"அம்மா, இதுல யார் தப்பும் இல்லம்மா," என்றாள் ஆர்வில்லா. "நல்லதுன்னு நினைச்சு ஒரு சக்கரம் மாத்தினோம். மீட்டருக்கு அது தெரியாதுங்கிறது நமக்குத் தெரியல. அவ்வளவுதான்."

கிழவி அந்த முடிச்சை விரல்களால் தடவிக்கொண்டே இருந்தாள். அவிழ்க்கவில்லை.

"பதினோரு வருஷம் உன் கையால கஞ்சி குடிச்சேன். உன்னைத் திட்டாம ஒரு வாய் இறங்கல எனக்கு... நீ ஒரு நாளாவது எதிர்த்துக் கேட்டிருக்கலாமே... ஆர்வில்லா..."

பெயரைக் கேட்டதும் ஆர்வில்லா நாற்காலியோரம் மண்டியிட்டாள். அவள் தலையைத் தெல்மா இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தலைமுடியில் லாரிக்கடி மண் இருந்தது. கிழவி அதைத் தட்டிவிட்டுக்கொண்டே அழுதாள்.

"அவன் குரலைக் கொண்டு போயிடுவாங்களாம்மா?" என்று கடைசியில் கேட்டாள், சிறு பெண் மாதிரி.

"விடமாட்டேன். அவன் பேசினதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டியதில்லை. பக்கத்துல ஒரு சீட்டு போதும்."

வெர்ல் பென்சிலைக் கூராக்கிக் கொடுத்தான். கோவாக்கின் காகிதத்தைப் பார்த்து ஆர்வில்லா எழுதினாள். திங்கட்கிழமை வரும் ஆளுக்கு ஒன்று, ஒவ்வொரு ஒலிநாடாப் பெட்டிக்கும் ஒன்று:

*ஒலிநாடாவில் உள்ள மைல்கள் பெரிய சக்கரம் பூட்டிய லாரியில் அளந்தவை. உங்கள் மீட்டர் காட்டுவதைவிட அவை குறைவாக இருக்கும். லைமன் சொல்லும் மைலை 97ஆல் பெருக்கி 91ஆல் வகுத்தால் சரியான மைல் கிடைக்கும். பதினோரு நிறுத்தங்களுக்கும் நாங்களே பெருக்கிப் பின்பக்கம் எழுதியிருக்கிறோம். அவர் 'ஏழு புள்ளி மூன்று' என்று சொல்லும்போது திரும்பாதீர்கள். உங்கள் மீட்டர் ஏழு புள்ளி எட்டு காட்டும்வரை ஓட்டி, அதன்பின் இடதுபக்கம் ஏறுங்கள்.*