சம்பந்தப்பட்டவர் பேசக் கூடாது

"கட்டிலை நகத்துனது நானில்லைங்கறேன், திருப்பித் திருப்பி அதையே கேட்டா எப்படிங்க?"

"அப்ப அது காலு மொளைச்சு நடந்து வந்துச்சா?"

"அதை உங்களைத்தான் கேக்கோணும். நேத்து ராத்திரி சுவத்தோட ஒட்டித்தான் போட்டேன். காத்தால பாத்தா கதவை மறிச்சுக்கிட்டு நிக்குது. புள்ளை அது மேல தூங்கிட்டிருக்கறப்பவே இழுத்திருக்கறீங்க. புத்தி இருக்குதுங்களா உங்களுக்கு?"

"ஊருச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்றவ நீ. ஊட்டுல ஒரு கட்டிலை எவன் நகத்துனான்னு கண்டுபிடிக்கத் துப்பில்லை!"

குன்னூரில் எங்கள் வரிசையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது பலகைச் சுவர். ஒட்டுக் கேட்கிற சிரமமே இல்லை, காது இருந்தால் போதும். பக்கத்து வெலிங்டனில் கிளார்க்காக இருந்த தரணிதரன் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனார். அவர் மனைவி ராஜப்ரியா கட்டிலை மறுபடி பின்னறைச் சுவரோடு தள்ளினாள். தரையில் அதன் கால் கிறீச்சிட்டதில் எங்கள் வீட்டில் பல் கூசியது.

ராஜப்ரியாவுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. பெயர் 'நீங்களே சொல்லுங்க'. யாரும் தங்கள் வீட்டுச் சண்டையைப் பெயர் போடாமல் எழுதி அனுப்பலாம். அவள் படித்து அனுமதிப்பாள். உறுப்பினர்கள் 'தப்பில்லை' என்றோ 'தப்புத்தான்' என்றோ ஓட்டுப் போடுவார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் தீர்ப்பு. எங்கள் சாந்தாமணி இரவல் வாங்கிய சிலிண்டரைத் திருப்பித் தராத கதைகூட அதில் வந்தது. பெயர்தான் இல்லை, மூக்குத்தி வரைக்கும் வர்ணனை இருந்தது.

விதிகள் எல்லாம் ராஜப்ரியா வகுத்தவை. எழுதுகிறவர் சொல்வதை நம்பித்தான் தீர்ப்பு. சம்பந்தப்பட்டவர் நடுவில் வந்து வாதாடக் கூடாது, வந்தால் வாயடைப்பு. ஓட்டு தொடங்கிய பதிவை நீக்க வேண்டுமென்றால் நிர்வாகிகள் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மற்ற நிர்வாகி கூடலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மலையாளி லியோ. சாந்தாமணி வந்து கெஞ்சியபோது, "ஒருத்தருக்காக வளைச்சா அப்பறம் அது ரூலுங்களா அக்கா?" என்று ராஜப்ரியா கேட்டாள். நீதிபதி அம்மாள் என்று அவளுக்குப் பெயர் வைத்தது நாங்கள்தான்.

அன்றைக்கு மழை லீவு. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தாரிணி பின்னறையில் விளையாடிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள்ளேயே மிஸ்ட் இறங்கி, எதிரிலிருந்த சவுக்கு மரங்களைத் தின்று, வாசல்படியைத் தின்று, ஜன்னல் இடுக்கு வழியாக ஈரச் சாக்கு வாசனையோடு சமையலறைக்குள்ளும் வந்திருந்தது. தகரக் கூரை குளிரில் சுருங்கிச் சுருங்கி எங்கோ யாரோ விரல் சொடுக்குவதுபோல் சத்தம் போட, கரி அடுப்பருகே உட்கார்ந்து ராஜப்ரியா போனைத் திறந்தாள். புதிதாக ஒரு பதிவு காத்திருந்தது.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நான் ரொம்பக் காலமா இருக்கற ஊடுங்க இது. என்னைய ஒரு வார்த்தை கேக்காம புருசனும் பொண்டாட்டியும் வந்து குடியிருக்கறாங்க. எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு ரூமு. அங்க புள்ளையைப் படுக்க வெச்சுட்டாங்க. பொழுதன்னிக்கும் கத்தலுங்க. நான் ஒருத்தி இருக்கறதே அவங்க கண்ணுக்குத் தெரியாது. புள்ளை மட்டும்தான் எங்கூடப் பேசும். கத்தறவங்க போவட்டும், புள்ளை எங்கிட்ட இருக்கட்டும்னு நெனைக்கறது தப்புங்களா?"

பாவம், மகனும் மருமகளும் ஓரங்கட்டிய மாமியார் என்று ராஜப்ரியாவின் கண் கலங்கிவிட்டது. அனுமதித்தாள். நிர்வாகி முதலில் எழுதினால் மற்றவர்கள் துணிந்து எழுதுவார்கள் என்பது அவள் வழக்கம். எழுதினாள்.

"தப்பே இல்லீங்கம்மா. புள்ளையை நீங்களே வெச்சுக்கங்க."

அதன் பிறகு ஓட்டு கொட்டியது. துபாயிலிருந்து கொட்டியது, திருப்பூரிலிருந்து கொட்டியது. யாரோ ஒருத்தி, 'அவங்ககிட்ட நேரா சொல்லிப் பார்த்தீங்களா அம்மா?' என்று கேட்டிருந்தாள். கீழே உடனே பதில்.

"வாய் விட்டுச் சொன்னாக் கேக்காதுங்க. கட்டிலைத் தெனமும் கதவுகிட்டத் தள்ளி வெக்கறேன். திருப்பிச் சுவத்தோட ஒட்டிப் போடறாங்க. நான் சாஞ்சுக்கற சுவருங்க அது. இன்னைக்குக் காத்தாலகூட அதுக்குத்தான் சண்டை. அவரு சோத்து டப்பாவைக்கூட எடுக்காமப் போயிட்டாரு."

ராஜப்ரியா சமையல் மேடையைப் பார்த்தாள். டப்பா அங்கேயே இருந்தது.

பின்னறையில் தாரிணி யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், கேட்கிறவர் நடுவில் 'ம்' கொட்டுவதற்கு இடம் விட்டு.

ராஜப்ரியா எழுந்து ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்தத் தாழ் தாரிணிக்கு எட்டாது.

"கண்ணு, கதவைத் தெற."

"தெறக்கலாமான்னு கேட்டேன்மா. தீர்ப்பு வரட்டும்கறாங்க."

"யாரு கண்ணு? உள்ள யாரு?"

பதில் கதவுக்கு மிக அருகில், ரகசியமாக: "கத்தாதம்மா. அவங்களுக்குப் புடிக்காது."

தோளால் இடித்தாள். அரிவாள்மனையால் கொத்தினாள். பழைய தேக்கு, கீறல்தான் விழுந்தது. கணவனைக் கூப்பிட்டாள். காலைக் கோபத்தில் அவர் எடுக்கவில்லை. எங்களுக்கு எல்லாம் கேட்டது. கேட்காமல் என்ன? டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு கேட்டோம். மத்தியானச் சண்டை, புருசன் சீக்கிரமே வந்துவிட்டார் போல என்றாள் சாந்தாமணி.

ராஜப்ரியா கூடலூருக்குப் போன் செய்தாள்.

"லியோ, அந்தப் பதிவை எடுக்கோணுங்க. இப்பவே. அது என் ஊடு. எம் புள்ளைங்க."

"சேச்சி, பதிவுல வர்றவங்க எல்லாரும் இதைத்தானே சொல்லும்?"

"இது வேறங்க! உள்ள யாரோ... எனக்கு மாமியாரே கெடையாது லியோ. அவங்க செத்துப் பல வருசமாச்சு, அதுவும் அன்னூர்ல."

"அப்ப வேற வீடாயிருக்கும், விடு சேச்சி." அவன் சிரித்தான். "ரூல் எழுதினது ஞானா, சேச்சியா? அதோட முதல் ஓட்டே சேச்சியோடதுதானே."

கமெண்டில் எழுதினாள். 'பொய். அது என் வீடு. ஓட்டுப் போடாதீங்க. போட்டதை மாத்துங்க.' அவசரத்தில் எழுத்தெல்லாம் பிழை.

'வந்துட்டாங்கப்பா மருமவ!'

'குத்துது பாரு மனசாட்சி.'

'நிர்வாகின்னா தனிச் சட்டமா?'

சிரிப்புப் படங்கள் வரிசையாக. அப்புறம் திரையில் அவளே என்றோ எழுதிவைத்த வாசகம் வந்தது: சம்பந்தப்பட்டவர் பேசக் கூடாது. லியோ அவள் வாயை அடைத்துவிட்டான். நல்ல பையன், விதியை மீற மாட்டான்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவள் கதவில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். இப்போது கெஞ்சினாள்.

"கத்த மாட்டனுங்க. இனி சண்டையே போட மாட்டோம். நாளைக்கே காலி பண்ணீர்றோம். ஊடு, ரூமு எல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. புள்ளையை மட்டும்..."

உள்ளே மூச்சு. ஒன்று சின்னது. இன்னொன்று நீளமானது, இழுத்து முடியாதது.

கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. விளக்கு வைக்கிற நேரம்.

மடியில் போன் ஒளிர்ந்தது. தீர்ப்பு: தப்பில்லை.

பின்னால் தாழ் விலகியது. மெதுவாக.

அவள் எழுவதற்குள் கட்டில் வெளியே வந்தது. தானாக. கிறீச். நின்றது. கிறீச். போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது.

உள்ளே போனாள். யாருமில்லை. ஜன்னல் கம்பி அப்படியே. அலமாரிக்குப் பின்னால் இல்லை. எங்கேயும் இல்லை. சுவரில் கை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது வந்த அலறலுக்குத்தான் நாங்கள் எழுந்து போனோம்.

விசாரித்தவர்கள் சிறுத்தை என்று முடித்தார்கள். கம்பி போட்ட அறைக்குள் சிறுத்தை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. தரணிதரன் மாற்றல் வாங்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கினார், அங்கே வேறு கல்யாணமும் செய்துகொண்டார். ராஜப்ரியா அன்னூருக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. லியோ எல்சா என்ற நர்ஸைக் கட்டினான். குழுவில் இப்போது ஆட்கள் இரண்டு மடங்கு.

வீட்டுக்காரர் சுப்பண்ணன் வாடகையைக் குறைத்து, தினேஷ்குமார், ஜீவிதா என்ற புதுக் கல்யாண ஜோடியைக் குடிவைத்தார். எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாத நாங்கள் இதை மட்டும் சொல்லவில்லை. அந்த வீடு காலியாகக் கிடந்தால், அது பலகைச் சுவரைத் தாண்டி வந்துவிட்டால்? அந்த இரண்டு பேரும் சண்டையே போடுவதில்லை. முதல் தடவை குரல் உயர்ந்தபோது, பின்னறைக்குள்ளிருந்து ஒரு குழந்தைக் குரல், பெரிய மனுசி மாதிரி, "ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா?" என்றதாம். அன்றிலிருந்து கிசுகிசுப்புத்தான். வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வழியில்லை. உள்ளே தாழிட்டுக்கொண்ட பின்னறைக் கதவு ஆசாரி வந்தும் திறக்கவில்லை.

ஜீவிதாவுக்கு இது ஏழாம் மாதம். போன வாரம் கொடியில் காயப்போட்ட அவளுடைய பழைய நூல் சேலை காணாமல் போனது. நேற்றுச் சாயங்காலம் மிஸ்ட் இறங்கிய நேரத்தில் பின்னறைக் கதவு விரியத் திறந்திருந்ததாம். தரை துடைத்திருந்தது. விட்டத்திலிருந்து அந்தச் சேலை தூளியாகத் தொங்கியது, மிகவும் தாழ்வாக, ஆறு வயதுக் கை எட்டி ஆட்டுகிற உயரத்தில். உள்ளே எதுவும் இல்லை. ஆடிக்கொண்டிருந்தது.