எள் இறைத்த கை

விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லை அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் காய்வதைப் பார்த்த ஞானசேகரனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னிக்கு என்னா நாளுன்னு தெரியுமா தெரியாதா? படையலுக்கு உளுந்து ஊறப்போடாம யாருக்குடி வெந்நி?"

தில்லையம்மாள் அடுப்பில் இன்னொரு தென்னை மட்டையைத் தள்ளினாள். 'தானே' புயல் சாய்த்த மரங்கள் கொல்லையெங்கும் கிடந்தன. இந்தத் தை மாதம் நெல்லிக்குப்பத்தில் விறகுக்கு மட்டும் பஞ்சமில்லை.

"இந்த வருசம் படையல் கெடையாது மாமா."

கூடத்துச் சுவரில், மாலை போட்ட படத்தில், மகள் இலக்கியா சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே சிவப்பு பல்பு. ஆனால் இலக்கியா சாகவில்லை. சிதம்பரத்தில் உயிரோடுதான் இருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் வேறு சாதிப் பையன் கதிர்வேலைக் கட்டிக்கொண்டு போனாள். சேதி வந்த அன்றே ஞானசேகரன் கெடிலம் ஆற்றில் தலைமுழுகினார். பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிக் கருமாதியும் செய்தார். அந்தப் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார். அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன் என்று பெற்றவளிடம் தன் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதியாக யாரும் மூச்சுவிடவில்லை. மகள் முன்பு கல்லூரியிலிருந்து திரும்பிய சாயங்கால வேளையில் வாசல் கேட்டின் கொண்டி ஆடும். இருவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். யாரும் இருக்கமாட்டார்கள். "காத்து," என்பார் அவர். காற்றில்லாத நாளிலும் அப்படித்தான் சொல்வார். செத்தவர்கள் பேயாக வருவது எல்லா ஊரிலும் உண்டு. உயிரோடு இருக்கிற பெண்ணைப் பேயாக்கி வைத்துப் படையல் போடுகிற கொடுமையை எங்கே போய்ச் சொல்வது...

மறு வருடம் தில்லையம்மாள் கரஸில், அதாவது அஞ்சல்வழியில், பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். மகளைப் பறிகொடுத்தவளுக்குப் படிப்பு கேட்கிறதா என்று ஊர் சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் போக வேண்டும். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் இலக்கியா வேலை பார்த்தாள். தாய் பாடத்தை நீட்டுவாள். மகள் நகலெடுத்துக் கொடுப்பாள். சத்தியம் நடுவில் நிற்கும். விரல்கள் மட்டும் ஒரு நொடி தொட்டுக்கொள்ளும். அந்தச் சூடு ஆறாத தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதபடி அவள் வீடு வருவாள்.

மகளைப் பார்க்கத்தான் சேர்ந்தாள். ஆனால் படிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. கிரேக்கர்களும் ரோமானியர்களும் செத்தவர்களுக்குப் பாலும் தேனும் ஊற்றினார்கள், வாயில் காசு வைத்தார்கள் என்று படித்தபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் போலத்தான் இருந்தது. ஒரு நாள் வகுப்பெடுத்த ஜான்சி மேடம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே, வெளியூர் போனவன் செத்துவிட்டான் என்று நம்பி வீட்டில் காரியம் செய்துவிடுவார்களாம். அவன் உயிரோடு திரும்பினால் கோயிலில் விடமாட்டார்களாம், யாரும் கிட்டே சேர்க்கமாட்டார்களாம். எல்லோரும் குறிப்பெடுக்க, தில்லையம்மாள் மட்டும் எழுந்து நின்றாள்.

"அப்பறம் அவன என்னாதான் மேடம் பண்ணாங்க?"

அவள் குரல் நடுங்கியதில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

புயல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் சிதம்பரத்துக்கு ஓடினாள். கடையின் தகரக் கூரை போயிருந்தது. நனைந்த தாள்களை இலக்கியா வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். தில்லையம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. சத்தியத்தை உடைத்தாள். "வீட்டுக்கு வாடி," என்றாள்.

இப்போது வாசலில் கொண்டி ஆடியது.

"காத்து," என்றார் ஞானசேகரன், வழக்கம்போல.

"காத்து இல்ல மாமா. போயிப் பாருங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் இலக்கியா நின்றாள். இளைத்து, கண் குழிந்து, சுவரில் இருந்த படத்துக்கு அக்கா போல இருந்தாள். ஞானசேகரன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள வராத... வாசப்படிய மிதிக்காத." பிறகு மனைவியிடம் திரும்பினார். "என் தலையில அடிச்ச சத்தியத்த மீறிட்டியேடி. நான் சாவணும், அதான உனக்கு?"

"அவகூடப் பேசிப் பத்து நாளு ஆவுது. நல்லாத்தான திட்றிங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"எனக்காக இல்ல தில்ல... எள்ளும் தண்ணியும் எறச்ச கை இது. காரியம் பண்ணி முடிச்ச பொண்ணு திரும்பி வாசப்படி மிதிச்சா அவ உசுருக்கே ஆவாதுன்னு சொல்றாங்க. கோவம் என்னிக்கோ போயிடிச்சி. பயந்தான் போவல. நானே எம்பொண்ண கொன்னுட்டனோன்னு தூக்கமே இல்ல."

நான்கு வருடமாக இவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருந்தாளே! தில்லையம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரோமாபுரியில இப்பிடி வந்தவன வாசல்ல வுடாம கூரை வழியாத்தான் உள்ள எறக்குவாங்களாம். நம்ம வீட்லயும் கூரை ஓட்டப் பிரிச்சி வச்சிருக்கோம், புயலு புண்ணியத்துல. ஆனா கிரேக்க தேசத்துல பண்ணதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. பொம்பளைங்க அவனப் பச்சப்புள்ளையாட்டம் குளிப்பாட்டி, துணியில சுத்தி, பால் குடுத்தாங்களாம். புதுசாப் பொறந்துட்டான்னு ஊரே ஏத்துக்கிச்சாம். அதுக்குத்தான் மாமா வெந்நி."

மகளைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். கீற்று மறைப்புக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, அவள் தலையை மடியில் சாய்த்து, மஞ்சளும் பயத்தமாவும் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். தாயின் கண்ணீரும் அதோடு விழுந்தது. இலக்கியா விக்கி விக்கி அழுதாள்.

"அழு. பொறந்த புள்ள அழுதாத்தான் நல்லது," என்றாள் தில்லையம்மாள்.

பழைய நூல்சேலையில் அவளைச் சுற்றி மறைப்புக்கு வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தாள். கிண்ணத்தில் சீனித்தண்ணீர் கரைத்து, கொல்லைக்கு வந்து நின்ற கணவரிடம் நீட்டினாள்.

"நாக்குல வைங்க. பேரையும் அப்பந்தான் காதுல சொல்லணும்."

அவர் சந்து வழியாகக் கேட் பக்கம் பார்த்தார். அங்கே மகளோடு வந்த கதிர்வேல் கைகட்டி நின்றிருந்தான்.

"அவர மொதல்ல உள்ள வரச்சொல்லு. பனியில நிக்கிறாரு."

"அவருக்கென்ன, வரட்டும். அவருக்கு நீங்க காரியம் பண்ணலயே."

எள் இறைத்த அதே கையால் அவர் சீனித்தண்ணீரைத் தொட்டு மகளின் நாக்கில் வைத்தார். குனிந்து அவள் காதருகே வாயைக் கொண்டுபோனார். பெயர் வரவில்லை. நான்கு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.

"இலக்கியா."

"இன்னொருவாட்டி," என்றாள் தில்லையம்மாள்.

"இலக்கியா..."

மூன்றாம் முறை அழுகையில் பெயர் உடைந்துபோனது. ஆனாலும் மகளுக்குக் கேட்டது. நனைந்த தலையை அவர் தோளில் சாய்த்து, கல்லூரிக்குப் போன காலத்தில் பதில் சொன்னது போலவே சொன்னாள்.

"என்னாப்பா?"