கழற்றக் கழற்ற

பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் யாரோ எச்சில் விழுங்கியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை, திரை கருகருவென்று கிடந்தது.

சூப்பர்வைசர் மறுபடி அழுத்தினார். அலுவலகப் பதவிதான் வீட்டிலும் அவருக்குப் பெயர். குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடாமல், ஒழுகுதலின் காரணங்களைப் பற்றி இரண்டு பக்கம் குறிப்பு எழுதிவிட்டு அதன்பிறகு தானே குழாயைக் கழற்றி வீட்டை நனைப்பவர். புதுக் கம்ப்யூட்டரின் உதிரிகளை அரை மணியில் பூட்டித் தருகிறேன் என்ற கடைக்காரரிடம், "பூட்டுறது கைவேலை இல்லப்பா, அது ஒரு சிந்தனை முறை" என்று சொல்லிவிட்டு உதிரிகளை வாங்கி வந்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் சனிக்கிழமையே பழைய சாமான்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த அறையில் மனைவி பதில்களைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் கழித்து அவளுக்கு வந்த முதல் நேர்காணல். நான்கு மணிக்கு. கம்ப்யூட்டரில்தான் நடக்கும், போனில் கூடாது என்று திட்டமாக எழுதியிருந்தார்கள். இப்போது மூன்று.

"ஏங்க, உயிர் வந்துச்சா?"

"வந்துகிட்டே இருக்கு."

"பிரசவமா பாக்குறீங்க? நாலு மணிக்கு எனக்கு அது வேணும். கடைக்காரர்கிட்டயே குடுத்திருந்தா..."

"நீ பதிலைப் படி."

வேறு வழியின்றி மச்சினனுக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவன் தொழில். அதனாலேயே அவனிடம் கேட்க அவருக்கு மனம் வராது.

"மாமா, பவர் சப்ளைக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டீங்களா?"

"என்னைப் பாத்து என்ன கேள்வி இது?" என்றபடி அதைச் சத்தமில்லாமல் போட்டார். பொத்தானை அழுத்தினார். மறுபடி அந்த விழுங்கல்.

"அப்ப பிளக்கைப் பிடுங்கிட்டு ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டினதும் உயிர் வருதோ, அதுலதான் கோளாறு."

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார். பிளக்கை மாட்டி அழுத்தினார். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. பார்த்தாயா என்பது போல நிமிர்ந்தவருக்கு வீட்டில் ஏதோ குறைவது போலிருந்தது. சமையலறை ஃப்ரிட்ஜின் முனகல். பகலும் இரவும் ஓயாததால் காதுக்கு மறந்தே போயிருந்த முனகல், நின்றிருந்தது. எட்டிப் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குள் விளக்கு எரிந்தது, கைக்குக் குளிர்ச்சியும் தட்டியது.

மெமரி ஒன்றைக் கழற்றினார். விசிறி முழுதாகச் சுற்றியது, போர்டில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது, பெட்டியிலிருந்து புது பிளாஸ்டிக் வாசனைக்குப் பதில் தூங்கி எழுந்தவரின் கழுத்துக்கடியில் வருமே, அந்த வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த வாசனை எழுந்து முகத்தில் படிந்தது. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடியில் கோடுகோடாக இறங்கியது. சத்தம்தான் இல்லை.

"மச்சான், ஒரு சந்தேகம்..."

போன் திரையில் அழைப்பின் நொடிகள் ஓடின. அந்தப் பக்கம் மூச்சுகூட இல்லை.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மணி மூன்றே முக்கால். தவிர, கழற்றக் கழற்ற உயிர் வருகிறது. தோற்றுக்கொண்டிருந்த மனிதனுக்கு அது போதுமான காரணம். டிஸ்க்கைக் கழற்றினார். பொத்தானைத் தொடுவதற்குள் திரை வெளுத்தது.

திரை வெளிச்சத்தில்தான் தரையைப் பார்த்தார். பிளக் அங்கே கிடந்தது. டிஸ்க்கைக் கழற்றிய பிறகு அவர் அதை மாட்டவே இல்லை.

விசிறி சுற்றியது.

கார்டை எடுத்து அவசரமாகத் திரும்பச் செருகினார். ஃப்ரிட்ஜ் முனகவில்லை. மெமரியை அழுத்தினார். மழை பேசவில்லை. கை வழுக்கியது. வியர்வை. பெட்டியின் உள்சுவரிலும் வியர்வை.

அப்போதுதான் கவனித்தார். அடுத்த அறையில் மனைவியின் குரல் இல்லை.

கூப்பிட வாயெடுப்பதற்குள் அது கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து.

"வணக்கம் சார். நல்லா கேக்குதுங்களா?"

மணி நான்கு. திரையில் மூன்று அதிகாரிகள். "ரொம்பத் தெளிவா கேக்குதும்மா" என்றார் நடுவிலிருந்தவர். மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதில் அவர் மனைவி, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதே நாற்காலி, இங்கே கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால், காலியாக இருந்தது.

தோளில் கை விழுந்தது. திரும்பினார். மனைவி. கையில் பதில் எழுதிய தாள். வாய் திறந்தது, மூடியது. திறந்தது. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். ஒன்றும் வரவில்லை.

பெட்டி அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது வருட இடைவெளியைப் பற்றிக் கேட்டார்கள். அது ஒரு நகைச்சுவை சொன்னது. மூவரும் சிரித்தார்கள்.

"வீட்டுல வேற யாரும் பக்கத்துல இல்லியேம்மா? விதிமுறை, அதான் கேக்குறேன்."

"யாருமே இல்லைங்க சார்."

மனைவி திரையை அறைந்தாள். சத்தமில்லை. அவர் கத்தினார். அதுவும் இல்லை.

"ரொம்ப சந்தோஷம். எப்ப வந்து சேர முடியும்?"

"இப்பவே வர்றேன் சார்."

சதுரத்திலிருந்தவள் எழுந்தாள்.

மேசைக்கு முன்னால் அந்தக் காலி நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதன் இருக்கையில் அழுந்தியிருந்த பள்ளம், ஒருவர் எழுந்தால் எழும்புவது போல, நிதானமாக மேலே வந்தது.